தாலியில் ஏன் சிலுவை? புதுச்சேரிக்கு வந்த கர்தினால் தூர்னோனின் கதை

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை. இந்தப் பட்டையில் தைக்கப்படும் தோல் ஷூக்கள் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. நானூறு வருடங்களுக்கு முன்னால் கதை தலைகீழ். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த ஒரு பாதிரியார், தமிழ்நாட்டில் கால் வைத்த கொஞ்ச நாளில் தன் தோல் ஷூவைக் கழற்றிப்போட்டு மரக்கட்டைப் பாதுகையில் ஏறி நின்றார். தோலைத் தொடுபவர் தீட்டு, தோல் அணிபவர் தாழ்ந்தவர் என்று ஊர் நினைத்ததுதான் காரணம். அவர் பெயர் ராபர்ட் தெ நொபிலி.

அவர் காலமாகிச் சுமார் ஐம்பது வருடம் கழித்து இன்னொரு இத்தாலிக்காரர் வந்தார். நொபிலி வழியில் வந்தவர்கள் செய்துகொண்டிருந்தது சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்ல ரோமிலிருந்து அனுப்பப்பட்டவர். எட்டு மாதம் தங்கினார். ஒரு கட்டளை போட்டார். கிளம்பிவிட்டார். அந்தக் கட்டளையைப் பற்றிய சண்டை அவர் இறந்த பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது.

அவர்தான் சார்லஸ் தாமஸ் மையார் தெ தூர்னோன். சீன வரலாறு படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். பேரரசர் காங்ஷியிடம் மோதிக் காவலில் செத்துப்போன கர்தினால் என்று அங்கே அவருக்கு அடையாளம். நம் ஊர்க் கதை, அதற்கு முந்தைய அத்தியாயம்.

யார் இந்த தூர்னோன்?

1668 டிசம்பர் 21 அன்று இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர். சவாய் நாட்டின் பிரபுக் குடும்பம். ரோமில், உலகம் முழுக்க மறைப்பணியை நிர்வகிக்கும் துறையின் கல்லூரியில் படித்தார். திருச்சபைச் சட்டத்தில் தேர்ந்தவர். காட்டிலும் மேட்டிலும் அலைந்த மிஷனரி கிடையாது. கோப்புகளோடும் சட்டப்புத்தகங்களோடும் வளர்ந்த மனிதர்.

போப் பதினோராம் கிளமெண்ட் இவரைத் தேர்ந்தெடுத்தது அதற்காகவே இருக்கலாம். 1701 டிசம்பர் 27 அன்று இவரை அந்தியோக்கியாவின் முதுபெருந்தந்தையாகத் திருநிலைப்படுத்தினார். அந்தப் பதவி பெயருக்குத்தான். உண்மையான வேலை வேறு: இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போப்பின் தனித்தூதர். சாதாரணத் தூதர் இல்லை. போப்பே நேரில் வந்ததுபோல முடிவெடுக்கும் அதிகாரம் கொண்டவர். அப்போது அவருக்கு வயது 33.

இப்படி ஒருவரை அனுப்ப வேண்டிய அவசரம் என்ன? இரண்டு நாடுகளிலிருந்தும் ஒரே மாதிரியான புகார் ரோமில் குவிந்திருந்தது. சேசு சபைப் பாதிரியார்கள் உள்ளூர்ப் பழக்கங்களுக்கு ஏகத்துக்கும் வளைந்து கொடுக்கிறார்கள், மதம் மாறியவர்கள் பழைய சடங்குகளை அப்படியே செய்கிறார்கள் என்பதே புகார். சீனாவில் முன்னோர் வழிபாடும் கன்பூசியஸுக்குச் செய்யும் மரியாதையும் பிரச்சினை. தமிழ்நாட்டில் தாலி, பொட்டு, குளியல், சாதி.

தமிழ்நாட்டுச் சிக்கல் எங்கே தொடங்கியது?

இதற்கு நொபிலியிடம் திரும்பப் போக வேண்டும். 1606-ல் அவர் மதுரைக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு பாதிரியார் பல வருடமாக இருந்தார். உள்ளூர்க்காரர்கள் யாரும் அவரிடம் சேரவில்லை. ஏன் என்று பார்த்த நொபிலிக்கு ஒரு சொல் கண்ணில் பட்டது: பறங்கி. மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன், யாரோடும் ஒட்டி உறவாடுபவன் என்று அந்த ஒரு சொல்லுக்குள் ஊர் அத்தனையையும் அடைத்து வைத்திருந்தது. கிறிஸ்தவனாவது என்றால் பறங்கிச் சாதியில் சேர்வது என்றே மக்கள் புரிந்துகொண்டார்கள்.

நொபிலி காவி கட்டினார். சைவம் சாப்பிட்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். பிராமண சந்நியாசியைப்போல வாழ்ந்தார். மதம் மாறிய பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம், சந்தனம் பூசலாம், குளியலைத் தொடரலாம் என்றார். இவையெல்லாம் ஊர்வழக்கம், மதமில்லை என்பது அவர் வாதம். கோவாவில் பெரிய எதிர்ப்பு. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார். அதே ஆவணத்தில், உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்பவர்கள் எளியவர்களைக் கோயிலில் இழிவாக நடத்தக் கூடாது என்றும் கெஞ்சிக் கேட்டிருந்தார். முதல் பாதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி காணாமல் போனது.

பிராமணரிடம் போகும் சந்நியாசி மற்றவர்களை நெருங்கினால் அவருடைய மரியாதை போய்விடும். அதனால் 1640 வாக்கில் இன்னொரு வகைப் பாதிரியார்களை ஏற்படுத்தினார்கள். பண்டார சுவாமிகள் என்று பெயர். இவர்கள் மற்றச் சாதிகளிடம் போகலாம். ஆனால் பறையர் வீட்டுக்குள் வெளிப்படையாகப் போக இவர்களாலும் முடியவில்லை. போனால் மற்றவர்கள் இவர்கள் கையால் எதையும் வாங்க மாட்டார்கள்.

விளைவு கொடூரமானது. சாகக் கிடக்கும் ஒரு பறையர் கிறிஸ்தவருக்குப் பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் வேண்டும் என்றால், பாதிரியார் குடிசைக்கு வரமாட்டார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ, நடுவில் ஓர் இடத்துக்கோ போக வேண்டும். கத்தோலிக்க நம்பிக்கையில் இறக்கும் தறுவாயில் குருவானவர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதைத்தான் சாதி பார்த்து மறுத்தார்கள்.

சேசு சபையினரை இதற்காக அயோக்கியர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டும் போக முடியாது. வெறுங்காலோடு நடந்து, அரிசியும் கீரையும் தின்று, அடி வாங்கி, சிறை போய்ச் செத்தவர்கள் அவர்களில் பலர். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட ஜான் தெ பிரிட்டோவும் இந்தப் பண்டார சுவாமி மரபில் வந்தவர்தான். சாதியோடு சண்டை போட்டால் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அந்தக் கணக்கில் யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

புகார் கொடுத்தது யார்?

தூர்னோன் வந்த நேரத்துப் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து 1699-ல் திரும்பப் பெற்ற சின்ன ஊர். பிரான்சுவா மார்த்தேன் ஆளுநர். டெல்லிச் சிம்மாசனத்தில் அவுரங்கசீப் இன்னும் உயிரோடு இருந்தார். ஊருக்குள் இரண்டு சபைகள்: கப்புச்சின் சபை, பிரெஞ்சு சேசு சபை. தமிழ்க் கிறிஸ்தவர்களை யார் கவனிப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தகராறு. அந்தப் பொறுப்பை மயிலாப்பூர் ஆயர் சேசு சபையிடம் கொடுத்துவிட, கப்புச்சின்கள் கொதித்துப் போனார்கள். சேசு சபையினரின் தமிழ்ப் பழக்கங்களைப் பட்டியல் போட்டு ரோமுக்குப் புகார் அனுப்பியவர் பிரான்சுவா மரி தெ தூர் என்ற கப்புச்சின் துறவி. ஆக, கொள்கைச் சண்டைக்குள் ஒரு பங்காளிச் சண்டையும் கலந்திருந்தது. நம் ஊரில் எந்தச் சண்டை அப்படி இல்லை?

பிரெஞ்சு சேசு சபையினர் புதுச்சேரிக்கு வடமேற்கே புதிதாக ஒரு மறைப்பணியைத் தொடங்கியிருந்தார்கள். கர்நாடக மிஷன் என்று அதற்குப் பெயர். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை வட்டாரமெல்லாம் அதன் எல்லைப் பக்கம்தான். அதன் தலைவர் ழான் வெனான்ஸ் பூஷே. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலம் அவருடைய முக்கியமான தளம். மதுரை மிஷனில் பல வருடம் உழைத்தவர், நொபிலி வழியை அப்படியே பின்பற்றியவர்.

எட்டு மாதம், ஒரு கட்டளை

1703 பிப்ரவரியில் ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய தூர்னோன், நவம்பர் 6 அன்று புதுச்சேரியில் இறங்கினார். பதினான்காம் லூயி மன்னர் கொடுத்த பிரெஞ்சுக் கப்பலில் வந்தார். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவர் கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

கீழை நாடுகளில் ஆயர்களை நியமிப்பதும் மிஷனரிகளை அனுப்புவதும் தங்கள் உரிமை என்று போர்ச்சுகல் மன்னர்கள் சொல்லிவந்தார்கள். போப்புகளே கொடுத்த உரிமை அது. பதுரவாதோ என்று பெயர். போப்பின் தூதரே ஆனாலும் லிஸ்பன் வழியாக, தங்கள் அனுமதியோடுதான் வர வேண்டும் என்பது போர்ச்சுகல் வாதம். தூர்னோன் லிஸ்பனையும் கோவாவையும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த இடத்தில் உடம்பு படுத்திவிட்டது. தங்கியிருந்த எட்டு மாதத்தில் பெரும்பகுதி நோயிலேயே போனது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய், அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தமிழ் தெரியாது. பூஷேயையும், மதுரை மிஷனைச் சேர்ந்த பெர்த்தோல்தி என்பவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவர்கள் வெளிப்படையாகப் பதில் சொன்னார்கள். நாம் செய்வது சரி என்ற நம்பிக்கையில் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பதில்களையே கையில் எடுத்துக்கொண்டு அவர் கட்டளையை எழுதியது பிறகு அவர்களுக்கு அதிர்ச்சி.

கட்டளையின் தேதி 1704 ஜூன் 23. வெளியிட்டது ஜூலை 8. ஜூலை 11 அன்று கப்பலேறிவிட்டார். மூன்றே நாள். மேல்முறையீடு செய்யக்கூட ஆள் ஊரில் இல்லை.

அதில் என்ன இருந்தது?

மொத்தம் பதினாறு பிரிவுகள். அத்தனையும் இங்கே தேவையில்லை. இன்றைக்கும் நம் வீடுகளில் பேச்சு வரும் விஷயங்களை மட்டும் பார்ப்போம்.

தாலி முதலில். அன்று பல கிறிஸ்தவப் பெண்களும் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையே அணிந்தார்கள். அது கூடாது என்றார் தூர்னோன். அதற்குப் பதிலாகச் சிலுவையோ, இயேசு அல்லது மாதா உருவமோ பொறித்த தாலியை அணியலாம். தாலியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாலி இல்லாத கல்யாணத்தை இந்த ஊர் கல்யாணமாக ஏற்காது என்பது அவருக்கும் புரிந்திருக்கிறது. இன்று தமிழ்க் கத்தோலிக்கர் தாலிகளில் சிலுவையையும் புறாவையும் பார்க்கிறோம் இல்லையா? அந்த மாற்றத்தின் வரலாற்றில் இந்தக் கட்டளைக்கு ஓர் இடம் உண்டு. 108 இழைகளில் மஞ்சள் தடவிய தாலிக்கயிறு, கல்யாணத்தில் அரசங்கிளை, சகுனம் பார்த்துத் தேங்காய் உடைப்பது ஆகியவற்றுக்கும் தடை விழுந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பதையும் தடுத்தார்.

அடுத்தது ஞானஸ்நானம். ரோமன் முறைப்படி குருவானவர் தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும், குழந்தை மேல் ஊத வேண்டும், வாயில் உப்பு வைக்க வேண்டும். எச்சில் என்றாலே நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். எச்சில் இலை, எச்சில் பாத்திரம், எச்சில் கை என்று தனி அகராதியே வைத்திருக்கும் சமூகம் இது. அதனால் சேசு சபையினர் அதை விட்டுவிட்டார்கள். தூர்னோன், விடக்கூடாது என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ஊர் நாடி கொஞ்சமும் பிடிபடவில்லை. பிற்பாடு ரோமே இதில் இறங்கிவந்து சில காலத்துக்கு விலக்குக் கொடுத்தது.

பெண்கள் பற்றிய பிரிவுகள் இன்று படிப்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோயிலுக்குள் விடாமலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவிடாமலும் தடுக்கும் பழக்கம் இருந்தது. அதை ஒழிக்கச் சொன்னார். பெண் பெரியவளானதை ஊரைக் கூட்டிக் கொண்டாடுவதும் கூடாது என்றார். இரண்டுக்கும் அவருடைய காரணம் பெண்ணுரிமை என்று நினைத்துவிடக் கூடாது. தீட்டு என்ற கருத்தே கிறிஸ்தவத்துக்கு அந்நியம், சடங்கு மூடநம்பிக்கை என்பதுதான் அவர் பார்வை. இருந்தாலும், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்குக் கதவு திறந்தது திறந்ததுதான்.

பிறகு சாதி. அருட்சாதனங்கள் கொடுப்பதில் பறையர் என்றும் மற்றவர் என்றும் வித்தியாசம் பார்க்கக் கூடாது. முக்கியமாக நோயாளிகளுக்கு. சாகக் கிடப்பவரைத் தூக்கிவரச் சொல்லாமல் குருவானவர் வீட்டுக்கே போக வேண்டும். பதினாறு பிரிவுகளிலும் கனமானது இதுதான். மற்றவை எல்லாம் பழக்கவழக்கம், இது மனிதர்.

அதே கட்டளையில் இன்னொரு பிரிவும் இருந்தது. கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் திருவிழாக்களிலும் பிற மதச் சடங்குகளிலும் வாசிக்கக் கூடாது. எழுதும்போது எளிதான வரிதான். ஆனால் பறையடிப்பதும் வாத்தியம் வாசிப்பதும் அந்த மக்களுக்குக் கலை மட்டுமில்லை, சாப்பாடு. ஊருக்குக் கட்டுப்பட்ட வேலை. வரமாட்டேன் என்று சொன்னால் கூலி போகும், அடியும் விழும். ஒரு கையால் கதவைத் திறந்துவிட்ட மனிதர் இன்னொரு கையால் சோற்றில் கை வைத்தார். உள்நாட்டுக்குள் ஒரு முறை நடந்து பார்த்திருந்தால் இந்தப் பிரிவை இவ்வளவு சுலபமாக எழுதியிருப்பாரா என்பது சந்தேகமே.

சாணச் சாம்பலை நெற்றியில் பூசுவது, பாதிரியார்கள் பிராமணரைப்போலச் சடங்காகக் குளிப்பது, இந்துமத நூல்களைப் படிப்பது எல்லாம் தடை. சேசு சபையினர் தரப்பில் இதற்கு ஒரு நியாயமான முணுமுணுப்பும் இருந்தது: இந்தப் பட்டியலில் உள்ள சில வழக்கங்கள் தங்கள் மக்களிடம் கிடையவே கிடையாது, கப்புச்சின்கள் கேள்விப்பட்டதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

கோவா பேராயர் கட்டளையை ஏற்க மறுத்தார். பூஷேயும், பின்னாளில் மயிலாப்பூர் ஆயரான பிரான்சிஸ்கோ லைனஸும் வழக்கை எடுத்துக்கொண்டு ரோமுக்கே போனார்கள். லைனஸ் 1707-ல் தங்கள் தரப்பை விளக்கி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஆனால் அதற்கு முன்பே, 1706 ஜனவரியில், ரோம் தூர்னோனின் கட்டளையை உறுதி செய்துவிட்டது.

சீனாவில் என்ன நடந்தது?

மணிலா வழியாக 1705 ஏப்ரலில் காண்டன் போய்ச் சேர்ந்த தூர்னோன், டிசம்பரில் பீஜிங்கை அடைந்தார். டிசம்பர் 31 அன்று பேரரசர் காங்ஷி அவரை நேரில் வரவேற்றார். முதல் சந்திப்பு நன்றாகவே நடந்தது. காங்ஷிக்கு ஐரோப்பியர்கள் புதிதில்லை. வானியலும் கணிதமும் தெரிந்த சேசு சபையினர் அவர் அரண்மனையில் வேலை பார்த்தார்கள். முன்னோர் வணக்கம் என்பது மரியாதைதான், வழிபாடு இல்லை என்று அவரே ஏற்கெனவே விளக்கம் கொடுத்திருந்தார். ஒரு பேரரசர் தன் நாட்டுச் சடங்குக்கு என்ன பொருள் என்று சொன்ன பிறகு, வெளியூர்க்காரர் வந்து அதற்கு வேறு பொருள் சொல்வதா? அவர் பார்வையில் விஷயம் இவ்வளவுதான்.

1706 ஜூனில் இரண்டாவது பெரிய சந்திப்பு. சூடு ஏறத் தொடங்கியது. தன் தரப்பின் சீன நிபுணராக தூர்னோன் கைகாட்டிய ஆள் சார்லஸ் மெக்ரோ. சீனாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர், அங்கேயே மறைமாவட்டப் பொறுப்பு வகித்தவர், சடங்குகளை எதிர்த்து முதலில் தடை போட்டவர். கோடைக்கால அரண்மனையில் பேரரசர் அவரை அழைத்து, சிம்மாசனத்துக்கு மேலே எழுதியிருந்த நான்கு சீன எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மெக்ரோவால் ஓர் எழுத்தைத்தான் படிக்க முடிந்தது. பேச்சுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. படிக்கவே தெரியாத ஆள் எங்கள் நூல்களுக்குப் பொருள் சொல்கிறாரா என்று காங்ஷிக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. மெக்ரோ நாடு கடத்தப்பட்டார். தூர்னோன் ஆகஸ்ட் 28 அன்று பீஜிங்கை விட்டுப் போனார்.

டிசம்பரில் காங்ஷி ஓர் ஆணை போட்டார். சீனாவில் இருக்க விரும்பும் மிஷனரி ஒவ்வொருவரும் அரசு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்க வேண்டுமென்றால், பழைய மத்தேயு ரிச்சியின் வழியிலேயே நடப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாஞ்சிங்கில் இருந்த தூர்னோன் 1707 ஜனவரி 25 தேதியிட்ட கட்டளையில் இதற்கு நேர் எதிராகச் சொன்னார்: சடங்குகளை அனுமதிக்கும் மிஷனரி தானாகவே சபைக்கு வெளியே போனவர் ஆவார். பேரரசருக்குக் கீழ்ப்படிந்தால் போப்பின் தண்டனை. போப்புக்குக் கீழ்ப்படிந்தால் பேரரசரின் தண்டனை. மிஷனரிகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

புதுச்சேரியில் செய்ததையே இங்கேயும் செய்தார். ஆனால் இங்கே மூன்றாம் நாள் கப்பல் காத்திருக்கவில்லை.

மக்காவில் காவல்

காங்ஷி அவரைப் பிடித்து மக்காவுக்கு அனுப்பினார். போர்ச்சுகீசியர் கையில் ஒப்படைக்கப்பட்டார். லிஸ்பனைக் கேட்காமல் பிரெஞ்சுக் கப்பலில் கிழக்கே வந்த தூதர், கடைசியில் போர்ச்சுகல் கோட்டைக்குள்ளேயே போய் விழுந்தார். 1707 ஜூனில் அங்கே போனதிலிருந்து வீட்டுக்காவல். வாசலில் சிப்பாய்கள். உள்ளே இருந்தபடியே தன்னை எதிர்த்தவர்களுக்குச் சபைநீக்கத் தண்டனைகளை விதித்துக்கொண்டிருந்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

ரோமில் போப், தன் தூதரைக் கைவிடவில்லை என்று காட்ட, 1707 ஆகஸ்ட் 1 அன்று அவரைக் கர்தினால் ஆக்கினார். போப்பைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை கொண்ட உயர்ந்த பதவி. ஆனால் அந்தக் காலத்தில் செய்தி போகும் வேகம் தெரியும்தானே? சிவப்புத் தொப்பி மக்காவுக்கு வந்து சேர்ந்தது 1710 ஜனவரியில். கொண்டுவந்த குழுவில் இருந்த மத்தேயோ ரீப்பா, பின்னாளில் காங்ஷியின் அரண்மனையில் ஓவியராக வேலை பார்த்தவர். காவலில் இருந்த அதே வீட்டில் தூர்னோன் தொப்பியை வாங்கிக்கொண்டார்.

ஐந்து மாதம்கூட முழுசாக இல்லை. 1710 ஜூன் 8 அன்று இறந்தார். வயது 41. அடுத்த போப்பின் தூதராகப் போன மெட்சபார்பா, திரும்பும்போது அவர் எலும்புகளை எடுத்துக்கொண்டு போனார். 1723-ல் ரோமில், அவர் இளைஞராகப் படித்த அதே கல்லூரிக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். சீனாவில் அதற்குள் காங்ஷி கிறிஸ்தவப் பிரசாரத்துக்கே தடை விதித்திருந்தார்.

தமிழ்நாட்டில் கட்டளை என்ன ஆனது?

இழுத்துக்கொண்டே போனது. போப்புகள் மாறினார்கள், கட்டளை மாறவில்லை. 1727-ல் உறுதி செய்தார்கள். 1734-ல் சில பிரிவுகளைத் தளர்த்தினார்கள். 1739-ல், இதைக் கடைப்பிடிப்பேன் என்று ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். கடைசியாக 1744 செப்டம்பர் 12 அன்று போப் பதினான்காம் பெனடிக்ட் ஓர் இறுதி ஆவணத்தால் சண்டையை மூடினார்.

அதில் சாதி விஷயத்துக்கு ஒரு தீர்வு இருந்தது. பறையர்களுக்கென்றே தனியாகச் சில பாதிரியார்களை ஒதுக்குகிறோம் என்று சேசு சபையினர் முன்வந்தார்கள். போப் ஒப்புக்கொண்டார். குடிசைக்குக் குருவானவர் வருவார் என்பது இதனால் நிஜமாகவே நடந்தது. அதே சமயம், பிரிவினை இப்போது குருக்களுக்குள்ளும் வந்துவிட்டது. இன்னாருக்கு இன்ன சாமியார். தூர்னோன் கேட்டது வித்தியாசம் கூடாது என்று. கிடைத்தது, வித்தியாசத்தை ஒழுங்காக நடத்தும் ஏற்பாடு. சாதிக்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்துக் கொடுப்பதில் நம் ஊருக்கு எப்போதும் பஞ்சமில்லை.

மிஷனரிகளின் அந்தச் சத்தியம் 1940 வரை நடைமுறையில் இருந்தது. சீனச் சடங்குகளுக்கு அதற்கு முந்தைய வருடம் ரோம் அனுமதி கொடுத்தது. காங்ஷி சொன்ன அதே விளக்கத்தை, அது மரியாதைதான் வழிபாடு இல்லை என்பதை, ஏற்க இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரசாங்கம் பக்கம் பார்த்தால், 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். ஆம்பூர், வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் இது பழைய வரலாறு இல்லை, சாதிச் சான்றிதழ் எடுக்கப் போகும்போதெல்லாம் வரும் பிரச்சினை.

பெனடிக்டின் ஆவணம் வந்த மறு வருடம், 1745 அக்டோபரில், புதுச்சேரியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை. பிரெஞ்சுக்காரர்களோடு வேலை பார்த்த, ஊரில் நடப்பதையெல்லாம் கவனித்துக் குறித்த மனிதர். சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. எல்லோரும் ஒரே சபையென்றால் நடுவில் சுவர் எதற்கு என்று அவர்கள் போய்க் கேட்டார்கள். பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தாகிவிட்டது. மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்ப் பாதிரியாரிடம் சண்டை போட்டார்கள்.